அப்புறம் மேடம்

அவருக்கு ஆகாத சொற்கள் சில இருந்தன. வழக்கம்போல, தேவைப்பட்டால், சரியான முறையில், கவனமாக. இவற்றில் ஒன்று தாளில் தென்பட்டால் அதை அடித்துவிட்டுப் போகமாட்டார். எழுதியவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்பார்.

"கவனமா டேப்பை மாட்டவும்னு போட்டிருக்கீங்க. சரி. கவனமா இருக்கிறதுக்கு அந்த ஆள் என்ன செய்யணும்? கண்ணை அகலமாத் திறக்கணுமா, மூச்சைப் பிடிச்சுக்கணுமா?"

எதிரே இருப்பவர் சிரிப்பார். அவர் சிரிக்கமாட்டார். பதில் வரும்வரை விரலும் நகராது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நானும் அவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் உதிரிபாகம் செய்யும் இடம். கம்ப்யூட்டர் வந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கென்று தனி அறை, தனிக் குளிர்சாதனம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும் என்ற விதி. உள்ளே போகும் புரோகிராமர்கள் ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதுவார்கள். அதைத் தினமும் ஓட்டப்போகிறவர்கள் ஆபரேட்டர்கள். துளையிட்ட கார்டுகளில் எந்தக் கட்டை எப்போது போடுவது, எந்த டேப்பை எதில் மாட்டுவது, மெஷின் இன்ன செய்தியை அச்சடித்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதையெல்லாம் ஆபரேட்டருக்குச் சொல்லும் தாளுக்கு ரன் ஷீட் என்று பெயர். அந்தத் தாள்களை எழுதி ஒப்புதல் கையெழுத்துப் போடும் பிரிவுக்கு அவர் பொறுப்பு. படம் வரைவதும் பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டுவதும் என் வேலை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதை அவர் விரும்பமாட்டார் என்று நினைக்கிறேன்.

தாள்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிப் பாஸானவருக்கும் புரிகிற ஆங்கிலம். ஒரு வரிக்கு ஒரு காரியம். ஒவ்வொரு வரிக்கும் எண். ஒரு பொருளுக்கு ஒரே பெயர். முதல் பக்கத்தில் பொத்தான் என்றால் கடைசிப் பக்கம்வரை அது பொத்தான்தான், நடுவில் அழகுக்காக சுவிட்ச் ஆகாது. மெஷின் அச்சடிப்பது பெரிய எழுத்தில். எச்சரிக்கை என்றால் ஒரு கட்டத்துக்குள், அதுவும் ஆபத்தான காரியத்துக்கு நேர் மேலே. இங்கே வருவதற்கு முன்பு மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் ஸ்டவ்வோடு பெட்டிக்குள் வைக்கும் துண்டுத் தாளை எழுதிக்கொண்டிருந்தாராம். "அங்கே தப்பா எழுதினா புடவை பத்திக்கும்," என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அந்தக் கதையை நீட்டவில்லை.

அப்புறம் மேடம் என்ற பெயரை வைத்தது ஆபரேட்டர் தேவராஜ். புரோகிராமர்கள் தங்கள் புரோகிராமை அவருக்கு விளக்குவதைக் கண்ணாடித் தடுப்பு வழியாக அவன் பார்த்துக்கொண்டிருப்பான். புரோகிராமர் ஒன்று சொல்வார். இவர் எழுதிக்கொண்டு "அப்புறம்?" என்பார். அடுத்தது சொல்வார். "அப்புறம்?" ஒரு மணி நேரத்துக்கு அந்த ஒரு சொல்தான். நடுவில் புரோகிராமர் எதையாவது தாண்டிவிட்டால் பேனா நின்றுவிடும்.

"இன்னா அண்ணாத்தே, போலீஸ் டேசன்ல கூட இப்படிக் கேக்க மாட்டானுங்க," என்றான் தேவராஜ் என்னிடம். "அங்க ரெண்டு அடியோட உட்ருவான். இவங்க அடிக்காம கேட்டுகினே கீறாங்க."

எழுதி முடித்த தாளை அவர் சோதிக்கும் விதம் தொழிற்சாலை முழுவதும் பிரசித்தம். கம்ப்யூட்டர் அறைக்குள் ஒருநாளும் வராத யாரையாவது கூட்டிவருவார். ஒருமுறை வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. கனத்த உடம்பு, வேர்த்துக்கொண்டேயிருக்கும் மனிதர். குளிருக்காக ஒப்புக்கொண்டார் என்று பேச்சு. தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு மேடம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கை தானாக எதையாவது சுட்டிக்காட்டிவிடும் என்பதற்காக அப்படி. வாயும் திறக்கமாட்டார்.

குமாஸ்தா உரக்கப் படித்தார். "ஒன்று. கதவைத் திற." சுற்றிலும் பார்த்தார். நேராகப் போய் அறையின் கதவைத் திறந்துவிட்டு, குளிர்காற்று வெளியே போய்க்கொண்டிருக்க, அதைப் பிடித்தபடியே இரண்டாவது வரியைப் படிக்கத் தொடங்கினார்.

அந்தப் புரோகிராமை எழுதிய சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேடம், டேப் மெஷினோட கண்ணாடிக் கதவுன்னு எல்லாருக்கும் தெரியும். இவரு..."

"அவர் சரியாத்தான் செஞ்சார்," என்றார் மேடம். தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, முதல் வரியைத் திருத்தினார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, "கதவைச் சாத்திட்டு வாங்க சார். தப்பு என்னோடது. மறுபடி முதல்லேருந்து," என்றார்.

தாளைப் படித்துச் செய்கிறவன் ஒருநாளும் தப்புச் செய்யமாட்டான் என்பது அவருடைய கட்சி. அவன் தடுக்கி விழுந்தால் எழுதியவர் எங்கோ கல்லைப் போட்டிருக்கிறார். இந்தக் கட்சியில் படிப்பவர்களுக்கு எவ்வளவு சலுகை உண்டோ அவ்வளவுக்கு எழுதுபவர்களுக்குக் கிடையாது. சேகருக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரன் ஷீட் முடியாமல் அவரை விடுவிக்கமுடியாது என்று மேடம் பிடித்துவைத்திருந்தார். நான்காவது தடவையாகத் தாள் திரும்பி வந்தபோது சேகருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கு மனுஷங்க மேலேயே நம்பிக்கை கிடையாது மேடம். ஆபரேட்டர்னா ஒண்ணும் தெரியாத பச்சைக் குழந்தையா?"

"காலையில ஆறு மணி ஷிஃப்டுக்குத் திருநின்றவூர்லேருந்து ரயில் கூட்டத்துல தொங்கிக்கிட்டு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். நீங்க ஒன்பதரைக்கு வர்றீங்க. பார்த்திருக்க வாய்ப்பில்லை."

சேகர் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மாலைதான் கிளம்பினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அன்றைய டைரியில் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருக்கிறேன்.

வீட்டிலும் அவர் அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு வந்தது. பூந்தமல்லியை ஒட்டிக் கரையான்சாவடியில் அவர்கள் வீடு. கணவருக்கு மெயின் ரோட்டில் சைக்கிள் உதிரிபாகக் கடை. மகளுக்குக் காது குத்தினார்கள் என்று பிரிவில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். வழி சொல்லும் தாள் ஒன்றை அவரே எழுதிக் கொடுத்தார். எந்தப் பஸ், எந்த நிறுத்தம், இறங்கியதும் முகம் எந்தப் பக்கம் இருக்கவேண்டும், எந்தக் கடையைத் தாண்டினால் அதிகம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், எல்லாம் எண் போட்டு. நாங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ச் சேர்ந்தோம். கணக்குப் பிரிவிலிருந்து வந்த ஒருவர் மட்டும் பந்தியின் கடைசியில் வேர்வையோடு வந்தார். அவர் மாங்காட்டில் அக்கா வீட்டிலிருந்து வந்திருக்கிறார்; எதிர்த் திசை. தாளில் இருந்த இடப்பக்கம் எல்லாம் அவருக்கு வலப்பக்கம்.

"எங்கேருந்து கிளம்பறோம்னு எழுதாம விட்டுட்டேன்," என்று மேடம் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். "அதுல என்னங்க, நான்தான்..." "இல்லை. தாள்தான்," என்றார் மேடம்.

அவர் கணவர் பாயசம் ஊற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "எங்க ஊட்ல ரசத்துக்கே நம்பர் கீது சார். நாலாவது நம்பர் வரைக்கும் நான் கரண்டியத் தொடக் கூடாது. பழகிப்போச்சு."

"தொட்டா என்ன ஆகும்னு அவரைக் கேளுங்க," என்றார் மேடம் அடுக்களையிலிருந்து.

"புளி பச்சையா கீது," என்று கணவர் ஒப்புக்கொண்டார்.

அந்த வருடக் கடைசியில் பம்பாயில் இருந்த தலைமை அலுவலகம் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் ஒரே மாதிரி ரன் ஷீட் வேண்டும் என்று ஒரு மாதிரியை அனுப்பியது. தடித்த தாளில், அழகாக அச்சிட்டது. முதல் பக்கத்தில் எச்சரிக்கைகள் எல்லாம் ஒன்றாக. இரண்டாம் பக்கத்திலிருந்து செய்முறை. பார்வைக்கு மிகவும் ஒழுங்காக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. செய்முறைக்கு நடுவே கட்டங்கள் வந்து வந்து தடுக்காமல் படிக்க நீரோட்டமாக இருந்தது.

மேடம் மேனேஜரின் அறைக்கு மூன்று நாட்கள் தொடர்ந்து போய் வந்தார். மிளகாய்ப்பொடியில் கை வைத்தபின் கண்ணைத் தொடாதே என்பதை அடுத்த அறையில் எழுதிவைப்பதுபோல, காரியத்தைச் செய்யும் கணத்தில் கண்ணெதிரே இருக்கவேண்டிய சொல்லை வேறு பக்கத்தில் வைப்பதா என்று வாதாடினார். மேனேஜர் கெட்ட மனிதர் அல்ல. பம்பாயிலிருந்து பார்வையிட வருகிறார்கள், அதற்குள் எல்லாத் தாளும் புது மாதிரிக்கு மாறியிருக்க வேண்டும் என்பது அவர் கவலை. நான்காம் நாள் மேடம் திரும்பி வந்து, "மாத்திடலாம் சார்," என்றார் என்னிடம். நான் ஸ்டென்சில்களை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்துப் போட்டார். அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இனி தேவராஜைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆவடிக்கு அப்பால் வெள்ளானூர் பக்கம் அவன் ஊர். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்த்த முதல் ஆள் அவன். "எம்புள்ள ஐஸ் ரூம்ல வேலை செய்யறான்" என்று அவன் அப்பா ஊரில் சொல்லிக்கொள்வதாகவும், அதனால் ஊரே தன்னை ஐஸில் கறி வைத்து விற்கும் கடைக்காரன் என்று நினைப்பதாகவும் சொல்லிச் சிரிப்பான். அவன் இன்னும் தற்காலிகம்தான். வருகிற மாதம் நிரந்தரம் ஆகும் பட்டியலில் பெயர் இருந்தது.

நடந்தது இது. ஸ்டோரில் எந்தப் பாகம் எவ்வளவு இருக்கிறது என்ற விவரம் ஒரு டேப்பில் இருக்கும். அதற்கு மூன்று டேப்கள். இரும்பு ஸ்டாண்டில் மூன்று தட்டுகளில் இருக்கும். வாராவாரம் மேல்தட்டில் உள்ள புதிய டேப்பைப் படித்து, கீழ்த்தட்டில் உள்ள பழைய டேப்பை அழித்து அதில் இந்த வாரத்து விவரத்தை எழுதுவார்கள். டேப்புக்குப் பின்னால் வளையல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் ரிங் உண்டு. ரிங்கைப் போட்டால்தான் மெஷின் அந்த டேப்பில் எழுதும். எழுதினால் பழையது அழிந்துபோகும். ரிங் இல்லாவிட்டால் படிக்க மட்டும்தான் செய்யும். ஆகவே ரிங்கைப் போடுவதற்கு முன்பு லேபிளில் இருக்கும் வார எண்ணைப் பார், மூன்றில் அதுதான் பழையதா என்று பார், இல்லையென்றால் நிறுத்து என்று ஒரு எச்சரிக்கை. முன்பு அது ரிங்கைப் போடு என்ற வரிக்கு நேர் மேலே கட்டத்துக்குள் இருந்தது. புது மாதிரியில் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது.

ரன் ஷீட் ஃபைலை மெஷின் மேல் வைக்கக் கூடாது. மேல்பக்கம் காற்றுப் போகும் துளைகள் இருந்தன. பக்கத்தில் மேசையும் கிடையாது. ஆபரேட்டர்களுக்குக் கையில் டேப், இன்னொரு கையில் ரிங். எனவே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செய்முறை இருக்கும் இரண்டாம் பக்கத்தை மட்டும் ஃபைலிலிருந்து கழற்றி, கேன்டீனில் மைதா வாங்கிப் பசை காய்ச்சி, மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டார்கள். முதல் பக்கம் ஃபைலோடு அலமாரியில் இருந்தது.

பொங்கல் விடுமுறையை ஒட்டிய வாரத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததால் அந்த ரன்னை இருமுறை ஓட்டவேண்டி வந்தது. அந்தக் குழப்பத்தில் ஸ்டாண்டில் டேப்கள் இடம் மாறிவிட்டன. அடுத்த வாரம் காலை ஷிஃப்டில் தேவராஜ் சுவரைப் பார்த்தான். கீழ்த்தட்டில் உள்ள டேப்பை எடு. எடுத்தான். ரிங்கைப் போடு. போட்டான். ஆக, புதிய டேப் அழிந்தது. அந்த டேப்பை எழுதப் பயன்பட்ட முந்தின வாரத்துக் கார்டுகளைப் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டிருந்ததால் மறுபடி உண்டாக்கவும் வழியில்லை. ஸ்டோரில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, போல்ட்டும் நட்டும் புஷ்ஷும் கையால் எண்ணி எடுக்கவேண்டும் என்ற நிலை. உடனே வேண்டிய பாகங்களையாவது எண்ணி முடியும்வரை எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியாமல் அசெம்பிளி லைன் இரண்டு நாள் நின்றது.

தேவராஜை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்து விசாரணை போட்டார்கள். விசாரணையில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை என்றே எல்லோரும் நினைத்தோம். எச்சரிக்கை எழுத்தில் இருக்கிறது. மேடத்தின் கையெழுத்து இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கழற்றி வைத்தது ஆபரேட்டர்கள். படிக்காமல் ரிங்கைப் போட்டது தேவராஜ். தற்காலிக ஆள். ஒரு பக்க அறிக்கை போதும். அதை எழுதச் சொல்லி மேடத்துக்குச் சொல்லியனுப்பினார் மேனேஜர்.

அன்று மத்தியானம் தேவராஜ் கேட்டில் சொல்லிவிட்டு எங்கள் அறைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம்.

"மேடம், கூட வேலை செய்யற பசங்க ஒண்ணு சொல்றாங்க. அந்த மொதப் பக்கம் ஃபைல்ல இல்லவே இல்லன்னு நான் சொல்லிட்டா போதுமாம். பக்கத்த இப்ப எடுத்தாச்சு. நீங்களும் ஆமா, வைக்க மறந்துட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"பக்கம் இருந்துச்சு தேவராஜ்."

"இருந்துச்சு மேடம். இருந்துச்சுன்னு எனுக்கும் தெரியும்."

"நான்தான் வச்சேன். அதைத் திரும்ப ஃபைல்ல வைக்கச் சொல்லு."

"எங்க நைனாவுக்கு இன்னும் சொல்லல மேடம். தினமும் டிபன் பாக்ஸ எடுத்துகினு அண்ணனூர் ரயில் டேசன்ல குந்திகினு கீறேன். சாயங்காலம் ஊட்டுக்குப் போறேன்." மேடம் டைப்ரைட்டரில் தாளைச் செருகினார். அவன் போய்விட்டான்.

எனக்குத் தாங்கவில்லை. "ஒரு பக்கம் இல்லைன்னு சொன்னா யாருக்கு மேடம் என்ன நஷ்டம்? ஒரு பையன் பிழைச்சுப்போவான்," என்றேன்.

"அடுத்து யாராவது ஸ்டென்சில் கட்டைத் திறப்பாங்க. பக்கம் இருக்கும். அப்ப அவன் பொய் சொன்னவன் ஆயிடுவான்."

"அப்போ அவனை என்ன செய்யப்போறீங்க?"

"நடந்ததை எழுதப்போறேன்."

அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த அம்மாவிடம் மாட்டினால் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

விசாரணைக்கு ஆறு பிரதிகள் வேண்டும் என்பதால் அறிக்கையை மறுநாள் என்னிடம் ஸ்டென்சில் வெட்டக் கொடுத்தார். அலுவலக வழக்கப்படி இத்தகைய அறிக்கை சம்பவம் நடந்த தேதியில், ஆபரேட்டரின் பெயரில் தொடங்கும். இது அப்படித் தொடங்கவில்லை. ரன் ஷீட் மாதிரியே எண் போட்டு, வரிக்கு ஒன்றாக இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

ஒன்று. தலைமை அலுவலகம் புதிய மாதிரியை அனுப்பியது. இரண்டு. அதில் எச்சரிக்கை ஒரு பக்கத்திலும் செய்முறை வேறு பக்கத்திலும் வரும். மூன்று. இது ஆபத்து என்று எனக்குத் தெரியும். நான்கு. நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்து. ஃபைலை மெஷின் மேல் வைக்க அனுமதி இல்லை. வேறு இடமும் தரப்படவில்லை. ஆறு. ஆபரேட்டர்கள் செய்முறைப் பக்கத்தைச் சுவரில் ஒட்டினார்கள். ஏழு. நான் அதைச் சுவரில் பார்த்தேன். எட்டு. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது. தேவராஜ் சுவரில் இருந்ததை இருந்தபடி செய்தார். பத்து. தேவராஜ் லேபிளில் வார எண்ணைப் பார்க்கவில்லை.

ஏழாவது வரியை வெட்டும்போதுதான் அவர் அதைப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரிந்தது. நான் நிமிர்ந்தேன். அவர் வேறு ஒரு தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

பிரதிகளை மேனேஜரிடம் நானும் அவரும் சேர்ந்துதான் கொண்டுபோனோம். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், உட்காருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மூணு, ஏழு, எட்டு. இந்த மூணு வரியும் வேண்டாம். யாரும் உங்களைக் கேக்கலை. நீங்களா ஏன் போய்த் தலையைக் குடுக்கறீங்க?"

"அதை எடுத்தா ஒன்பதாவது வரி புரியாது சார்."

"ஒன்பது புரியவேண்டாம். பத்து இருக்கே. அது போதும்."

"பத்து தனியா நிக்காது சார்."

"முதல் வரியைப் பம்பாய்ல படிச்சா என்ன நினைப்பாங்க, யோசிச்சீங்களா?"

"அங்கேதான் ஆரம்பிச்சது. வேற எங்கே ஆரம்பிக்கறது?"

மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல. நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் அவர் அறிக்கையை அப்படியே அனுப்பினார். வரிகளை வெட்ட அவருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் எண்கள் இருந்தன. மூன்றை எடுத்தால் நான்கு மூன்றாக மாறவேண்டும், ஸ்டென்சில் முழுவதையும் திரும்ப அடிக்கவேண்டும், அதில் அவர் கையெழுத்துப் போடமாட்டார் என்பது மேனேஜருக்குத் தெரியும்.

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. தேவராஜுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்து வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ரன் ஷீட்டுகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தை மேடத்திடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் எண்ணிக்கை வேலையை மேற்பார்க்க ஆள் தேவை என்று அவரை அங்கே மாற்றினார்கள். உத்தரவில் தற்காலிகமாக என்று இருந்தது. எதுவரை என்று போடவில்லை. அவர் அதை மட்டும் படித்துவிட்டு, "எதுவரைன்னு எழுதலையே," என்று சொன்னார். பென்சில்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். பம்பாய் மாதிரியை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் அந்தக் கோடைக்குள் எச்சரிக்கைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் செய்முறைக்கு நடுவே திரும்பி வந்துவிட்டன. ஸ்டென்சில் வெட்டச் சொல்லி எனக்கு வந்த தாள்களில் அப்படித்தான் இருந்தது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

விசாரணை முடிந்த அடுத்த மாதமே தேவராஜுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. ஒரு இனிப்பு டப்பாவோடு எங்கள் அறைக்கு வந்தான். எல்லோருக்கும் கொடுத்தான். டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது.

"ஸ்டோருக்குப் போவலியா?" என்றேன்.

"போவணும்தான்." நின்றுகொண்டே இருந்தான். "அண்ணாத்தே, ஒம்பது வரி எழுதுனாங்களே, அத்தோட உட்டிருக்கலாம்ல. பத்தாவதா என்னியும் இழுத்துட்டாங்க. அத்தப் படிச்சுட்டுத்தான் எனுக்கு வார்னிங் குடுத்தானுங்க. என் சர்வீஸ் புக்குல அது ஆயுசுக்கும் கீது."

"நீயே கேளு," என்று அவனோடு நானும் நடந்தேன்.

ஸ்டோரில் வெளிச்சம் குறைவு. எண்ணெய் வாசனை. அவர் தரையில் கோணி விரித்து உட்கார்ந்து, நூறு நூறாகப் போல்ட்டுகளைக் குவித்துவைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். கையெல்லாம் கருப்பு. எங்களைப் பார்த்ததும் குவியலை முடித்துச் சீட்டை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

தேவராஜ் டப்பாவை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தான். "பெர்மனென்ட் ஆயிட்டேன் மேடம்."

"தெரியும். சந்தோஷம்."

"அந்தப் பத்தாவது வரி எதுக்கு மேடம்?"

அவர் கையைக் கோணியில் துடைத்தார். "நீ பார்த்தியா, லேபிளை?"

பின்னால் யாரோ ஒரு பெட்டியைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. விசாரணையில் இதே கேள்விக்கு அவன், பார்த்த ஞாபகம் என்று சொல்லியிருந்தான். என்னிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"பாக்கல மேடம்," என்றான்.

"ம்," என்றார். டப்பாவிலிருந்து தானாகவே ஒன்றை எடுத்து, கருப்பு விரல் படாமல் தாளோடு பிடித்து, வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அடுத்த குவியலுக்குப் போல்ட்டுகளை இழுத்தார்.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து ஆபரேட்டர்கள் கேட்டுப் பக்கம் போனார்கள். என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். தேவராஜ் கூட்டத்திலிருந்து பிரிந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஸ்டோர் இருக்கும் திசையில் நடந்தான். எண்ணி முடிக்க இன்னும் பல அடுக்குகள் பாக்கி இருந்தன.